அமெரிக்கர்களுக்குப் பொதுவான அரசியல் நம்பிக்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் தொலைக்காட்சிகளில் யார் ஜெயிப்பார் என்ற பேச்சு மட்டும்தான் ஓடும். அந்த நாட்டுக்காரர்கள் எதை நம்பி ஓட்டுப் போடுகிறார்கள், எதற்காக இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பது பேசப்படுவதில்லை. அதைப் பற்றிப் பலரும் கேட்கிற கேள்விகளும் பதில்களும் இங்கே.

எல்லா அமெரிக்கர்களும் ஒத்துக்கொள்ளும் அரசியல் நம்பிக்கை என்று ஏதாவது உண்டா?

உண்டு. தனிமனித சுதந்திரம், சட்டத்தின் முன் சமத்துவம், மக்கள் சம்மதத்தோடு நடக்கும் ஆட்சி, அதிகாரத்துக்குக் கடிவாளம், சொத்துரிமை, உழைத்தால் முன்னேறலாம் என்ற எண்ணம். டெக்சாஸில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடியரசுக் கட்சிக்காரரிடமும் கேளுங்கள், சான்பிரான்சிஸ்கோவில் வாடகைக்கு இருக்கும் ஜனநாயகக் கட்சிக்காரரிடமும் கேளுங்கள். இதில் எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

அடுத்த கேள்வியில்தான் தகராறு. சுதந்திரம் என்பது துப்பாக்கி வைத்துக்கொள்வதா, கருவைக் கலைப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்வதா? சமத்துவம் என்பது எல்லாருக்கும் ஒரே விதியா, பின்தங்கியவருக்குக் கூடுதல் கைகொடுப்பதா? இந்தக் கொள்கைகளைக் கைவிட யாருக்கும் மனமில்லை. அவற்றுக்கு உரிமை கொண்டாடுவதில்தான் இரண்டரை நூற்றாண்டுச் சண்டை.

என்னைக் கேட்டால், இவற்றில் எதற்கும் அடியில் ஓடுவது அதிகாரத்தின் மீதான சந்தேகம். மற்றவை எல்லாம் அதன் மேல் கட்டியவை.

இவை எங்கிருந்து வந்தன?

1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது இரண்டாவது பத்தியை: எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடிப்போகும் உரிமை ஆகியவை அவர்களிடமிருந்து பறிக்க முடியாதவை. இங்கிலாந்துச் சிந்தனையாளர் ஜான் லாக்கின் சாயல் இதில் பலமாக உண்டு.

ஆனால் முழுப் பிரகடனத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல், அப்போது அவர்களை ஆண்ட பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மீதான புகார்ப் பட்டியல்தான். எங்கள் சட்டசபைகளைக் கலைத்தார், நீதிபதிகளின் சம்பளத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார், சமாதான காலத்திலும் படையை நிறுத்தினார், சம்மதமில்லாமல் வரி போட்டார், ஜூரி விசாரணையை மறுத்தார் என்று வரிசையாகப் போகிறது. பின்னால் எழுதிய அரசியலமைப்பில் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள் என்றே சொல்லலாம்.

அந்த அரசியலமைப்பு 1787-ல் பிலடெல்ஃபியாவில் எழுதப்பட்டது. "மக்களின் உரிமைகள் எங்கே?" என்று எதிர்ப்பு கிளம்பியதால் 1791-ல் முதல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. இன்றுவரை மொத்தத் திருத்தங்கள் 27. காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் (பிரதிநிதிகள் சபை, செனட்) மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும் என்றால் வேறு எப்படி இருக்கும்? அதிலிருந்து அடிப்படை உரிமைகள் என்ற யோசனையை எடுத்துக்கொண்ட நம் அரசியலமைப்பு 1950-லிருந்து நூறு தடவைக்கு மேல் திருத்தப்பட்டுவிட்டது.

"எல்லாரும் சமம்" என்று எழுதியவர்களே அடிமைகளை வைத்திருந்தார்களே?

ஆமாம், இதைப் பூசி மெழுக வழியில்லை. அந்த வரியை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். அதே பிரகடனம் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. 1787-ல் எழுதிய அரசியலமைப்பு அடிமை என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. அந்தக் கணக்கில் கிடைத்த கூடுதல் காங்கிரஸ் இடங்கள் அவர்களை அடிமைப்படுத்திய தென் மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடவில்லை, கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். 1848-ல் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸில் கூடிய பெண்கள், பிரகடனத்தின் அதே நடையில் தங்கள் அறிக்கையை எழுதினார்கள், "ஆண்களும் பெண்களும்" சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று திருத்தி. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் பேசும்போது, உங்கள் ஜூலை 4 ஓர் அடிமைக்கு என்ன என்று வெள்ளைக்காரக் கூட்டத்தின் முகத்துக்கு நேராகக் கேட்டார். அதே உரையில் அரசியலமைப்பைச் சுதந்திர சாசனம் என்றும் வாதிட்டார்.

உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கு மேல் ஆட்கள் செத்த பிறகு 1865-ல் 13-ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868-ல் 14-ஆம் திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தந்தது. 1870-ல் 15-ஆம் திருத்தம் நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்றது. காகிதத்தில் எல்லாம் சரி. தென் மாநிலங்கள் கிட்டத்தட்ட நூறு ஆண்டு அதைச் செல்லாக்காசாக வைத்திருந்தன. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியது இதைத்தான்: நாட்டை நிறுவியவர்கள் ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள், கறுப்பின மக்களுக்குக் கிடைத்தது பணமில்லாமல் திரும்பிய காசோலை. 1964-ல் குடிமை உரிமைகள் சட்டமும் 1965-ல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன.

இந்த நம்பிக்கையை ஏற்காத குரல்களும் உண்டு. கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் தன்னை அமெரிக்கர் என்று கருதவில்லை, அமெரிக்கத்தனத்துக்குப் பலியான கோடிக்கணக்கானோரில் ஒருவன் என்றார். பூர்வகுடிகள் எல்லாருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-ல்தான், அதுவும் பலர் கேட்காமலே. "பொதுவான நம்பிக்கை" என்று பேசும்போது இவர்களை மறந்துவிட்டால் பேச்சு பாதிதான்.

பேச்சுரிமைக்கு அங்கே எல்லையே இல்லையா? கொடியைக்கூட எரிக்கலாமாமே?

எரிக்கலாம். 1984-ல் டல்லஸில் ஒருவர் கொடியை எரித்த வழக்கில், 1989-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அது பேச்சுரிமைக்குள் வரும் என்றது. பழமைவாதிகளின் நாயகரான நீதிபதி ஸ்காலியாவும் அந்த ஐவரில் ஒருவர். கோபமடைந்த காங்கிரஸ் உடனே தடைச் சட்டம் போட்டது. 1990-ல் அதையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், கொடி எரிப்பவர்கள் மீது வேறு சட்டங்களின் கீழாவது வழக்குப் போடும்படி ஆணையிட்டார்.

கொடிக்கு வணக்கம் சொல்லும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்தத் தீர்ப்பு வந்தது 1943-ல், இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது. வழக்குப் போட்டவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு மதப்பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள். நம் நாட்டிலும் கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், 1986-ல் நம் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது.

வெறுப்புப் பேச்சுக்கென்று அமெரிக்காவில் தனியாகத் தடை இல்லை என்பது நம்மவர்களுக்கு ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம். 1977-ல் சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கியில் ஒரு நாஜிக் குழு ஊர்வலம் போக அனுமதி கேட்டது. ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர்தப்பிய யூதர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஊர் அது. நாஜிகளின் உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடியது அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கம், வாதாடிய வழக்கறிஞர் ஒரு யூதர். சங்கம் வழக்கில் ஜெயித்தது, ஆயிரக்கணக்கில் உறுப்பினர்களை இழந்தது. கடைசியில் அந்தக் குழு ஸ்கோக்கிக்குப் போகவே இல்லை, சிகாகோவிலேயே கூடிக் கலைந்தது.

எல்லை உண்டு. உடனடி வன்முறையைத் தூண்டும் பேச்சு, நிஜமான கொலைமிரட்டல், அவதூறு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: பேச்சுரிமை தரும் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை மட்டும்தான். நீங்கள் எழுதியது பிடிக்காமல் ஒரு தனியார் முதலாளி உங்களை வேலையைவிட்டு அனுப்பினால், முதல் திருத்தம் உங்கள் உதவிக்கு வராது.

சொந்த அரசாங்கத்தின் மேல் ஏன் இத்தனை சந்தேகம்?

அரசாங்கத்தை வடிவமைத்தவர்களே சந்தேகத்தோடு வடிவமைத்ததால். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டு, செனட்டருக்கு ஆறு, அதிபருக்கு நான்கு, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஆயுள் முழுவதும். ஒரே அலையில் எல்லாவற்றையும் ஒருவர் கைப்பற்ற முடியாது. அதிபர் சட்டத்தைத் தடுக்கலாம், அந்தத் தடையைக் காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் உடைக்கலாம், நீதிமன்றம் இரண்டு பேரையும் நிறுத்தலாம். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு 100-ல் 60 பேர் வேண்டியிருப்பது பின்னால் வந்த வழக்கம், அரசியலமைப்பில் கிடையாது.

விலை என்ன? முட்டுக்கட்டை. செலவு மசோதா நிறைவேறாமல் 2018-19-ல் 35 நாள், 2025-ல் 43 நாள் மத்திய அரசின் ஒரு பகுதி பூட்டிக் கிடந்தது. பிரதமர் ஆட்சிமுறைக்குப் பழகிய நமக்கு இது நிர்வாகத் தோல்வி. அங்கே பலருக்கும் இது எரிச்சல்தான், ஆனாலும் யாரோ ஒருவர் நினைத்ததை எல்லாம் செய்வதைவிட இது பரவாயில்லை என்ற எண்ணம் ஆழத்தில் இருக்கிறது.

ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு முறையோடு தானாக ஒதுங்கியது இந்த மனநிலையை வளர்த்த செயல். அதை மீறி நான்கு முறை ஜெயித்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவர் போன பிறகு, 1951-ல் இரண்டு முறைதான் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

ஒரு காலத்தில் நம்பிக்கையும் இருந்தது. 1964-ல் கருத்துக்கணிப்பாளர்கள் கேட்டபோது நான்கில் மூன்று பேர், வாஷிங்டனில் இருக்கும் அரசாங்கம் பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்றார்கள். வியட்நாம் போர், அதிபர் நிக்சன் சிக்கிய வாட்டர்கேட் ஊழல் இவற்றுக்குப் பிறகு அது சரிந்தது. அண்மை ஆண்டுகளில் அப்படிச் சொல்பவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர். தன் கட்சி ஆட்சியில் இல்லாதபோது சந்தேகம் அதிகமாகிறது, வந்ததும் குறைகிறது என்பதும் அந்தக் கணிப்புகளில் தெரிகிறது. கொள்கையில் கொஞ்சம் வசதியும் கலந்துதான் இருக்கிறது.

துப்பாக்கியும் இதில் சேர்த்தியா?

பாதி அமெரிக்கர்கள் ஆம் என்பார்கள். ஆயுத உரிமை தரும் 1791-ன் இரண்டாம் திருத்தம் குடிப்படையை (ஊர்க்காரர்கள் சேர்ந்த படை) பற்றிப் பேசுகிறதா, தனிமனிதரைப் பற்றியா என்ற பழைய வாதத்தில் 2008-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தனிமனிதர் பக்கம் சாய்ந்தது. ஆயுதம் ஏந்திய குடிமகன் கொடுங்கோலனுக்கு எதிரான கடைசி அரண் என்ற வாதம் எனக்கு எடுபடவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு, மேலே சொன்ன புகார்ப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

தன் காலில் நிற்பதை இவ்வளவு போற்றுகிறவர்கள் அரசு உதவியை வெறுக்கிறார்களா?

பேச்சில் வெறுப்பு, நடைமுறையில் வேறு. 1935-ல் வந்த சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் அங்கே தொட முடியாத சாமி மாதிரி. அதன் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்குகளாக மாற்ற 2005-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் நாடு முழுக்கச் சுற்றிப் பேசினார். அவர் கட்சியே காங்கிரஸில் பெரும்பான்மையாக இருந்தும் அது வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை. 2009-ல் சுகாதாரச் சீர்திருத்தம் பற்றிய ஒரு கூட்டத்தில், தென் கரோலினாக்காரர் ஒருவர் தன் காங்கிரஸ் உறுப்பினரிடம், என் மெடிகேரில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்று எச்சரித்தார். மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்கு அரசாங்கமே நடத்தும் மருத்துவக் காப்பீடு.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் மனக்கணக்கு எனக்குப் புரிகிறது. சம்பளத்திலிருந்து காலமெல்லாம் பிடித்த பணம், எனவே என் சொத்து. உழைத்துச் சேர்த்ததாகத் தோன்றும் உதவியை அமெரிக்கர்கள் உரிமை என்கிறார்கள். உழைக்காதவருக்குப் போவதாகத் தோன்றுவதை இனாம் என்கிறார்கள். "உழைக்காதவர்" யார் என்று மனதில் எழும் உருவத்தில் நிறம் புகுந்துவிடுகிறது என்பது தனிக் கதை.

சமத்துவம் என்றால் வருமானச் சமத்துவம் என்று அங்கே சொல்பவர்கள் மிகக் குறைவு. ஓட்டம் தொடங்கும் கோடு ஒன்றாக இருந்தால் போதும் என்பதுதான் பரவலான எண்ணம். ஆனால் பள்ளிகளுக்குக் கணிசமான பணம் உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிற நாட்டில், வீட்டு விலை ஏறிய பகுதியில் பிறந்த பிள்ளையும் ஏறாத பகுதியில் பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பதில்லை.

மதச்சார்பற்ற நாடு என்கிறார்கள், ரூபாய் நோட்டிலேயே கடவுள் இருக்கிறாரே?

டாலர் நோட்டில். "கடவுளை நம்புகிறோம்" என்பது 1956-ல் தேசிய வாசகமானது. கொடி உறுதிமொழியில் கடவுள் நுழைந்தது 1954-ல். இரண்டுமே கம்யூனிச ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலம். மூல அரசியலமைப்போ எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்கிறது, முதல் திருத்தம் அரசு மதத்தைத் தடை செய்கிறது. அரசுப் பள்ளியில் அதிகாரிகள் எழுதிக்கொடுத்த பிரார்த்தனையை 1962-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆனாலும் தான் நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒருவர் இன்றுவரை அதிபரானதில்லை. அந்த விஷயத்தில் தமிழ்நாடு அவர்களைவிட எங்கோ முன்னால் இருக்கிறது.

மக்களாட்சியைப் போற்றுகிறவர்கள், குறைந்த ஓட்டு வாங்கியவரை எப்படி அதிபராக்குகிறார்கள்?

அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியான 538 வாக்காளர்கள் கொண்ட குழு, ஜெயிக்க 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே மாநிலத்தின் மொத்தமும் போய்விடும். 2000-ல் அல் கோர் ஐந்து லட்சம் ஓட்டு அதிகம் வாங்கித் தோற்றார். 2016-ல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கித் தோற்றார். செனட்டிலும் இதே கதை: ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு இரண்டு செனட்டர், நாலு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு.

மாற்ற முயன்றார்கள். 1969-ல் பிரதிநிதிகள் சபை 338-70 என்று நேரடித் தேர்தலுக்கு ஆதரவு தந்தது. அடுத்த ஆண்டு செனட்டில் அது முடங்கிவிட்டது.

சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை என்பது இன்னும் உண்மையா?

1974-ல் உண்மை என்று நிரூபணமானது. வாட்டர்கேட் விவகாரத்தில், தன் அலுவலகப் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்கும்படி அதிபர் நிக்சனுக்கு உச்ச நீதிமன்றம் 8-0 என்று உத்தரவிட்டது. அந்த எட்டில் மூன்று பேர் அவரே நியமித்தவர்கள். இரண்டு வாரத்துக்கெல்லாம் பதவி விலகினார்.

இப்போது அத்தனை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2020 தேர்தல் தோல்வியை எதிர்த்து டிரம்ப் தரப்பு போட்ட அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தோற்றது, அவர் நியமித்த நீதிபதிகள் முன்பும்கூட. அந்த அளவில் நிறுவனங்கள் நின்றன. ஆனால் 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்களின் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பதவி சார்ந்த செயல்களுக்கு முன்னாள் அதிபர்கள் மீது குற்ற வழக்குப் போடுவதிலிருந்து பெருமளவு விலக்கு தந்தது. 2025-ல் மீண்டும் பதவியேற்ற அன்றே டிரம்ப், ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் பலர் 1776 என்று கோஷம் போட்டபடி வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருந்தவர்களும் அரசியலமைப்பைக் காக்கிறோம் என்றுதான் சொன்னார்கள்.

யார் வேண்டுமானாலும் அமெரிக்கர் ஆகலாம் என்பதும் இந்த நம்பிக்கைகளில் ஒன்றுதானே?

அழகான நம்பிக்கை, இந்தியர்களுக்கு அது கிடைத்த கதை அவ்வளவு அழகில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டார். சட்டப்படி வெள்ளையர் என்று சொல்ல முடியாது என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலர் அதை இழந்தார்கள். கதவு மறுபடி திறந்தது 1946-ல், அதுவும் ஆண்டுக்கு 100 பேருக்கு. நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965-ன் சட்டம்தான் நம் ஊர் டாக்டர்களையும் என்ஜினீயர்களையும் அங்கே கொண்டுபோனது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016-ல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை என்பது 14-ஆம் திருத்தத்தின் வாக்கு. சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898-ல் அது உறுதியானது. 2025 ஜனவரியில் டிரம்ப் அதைச் சுருக்க ஆணையிட்டார், உடனே நீதிமன்றங்களில் வழக்குகள் பாய்ந்தன. நாடு என்பது ஒரு கொள்கையா, ஒரு பரம்பரையா என்ற கேள்வி அங்கே முடிந்துபோன ஒன்றல்ல.

இவ்வளவு பொதுவாக இருந்தும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

ஒரே ஆயுதத்தை இருவரும் தூக்குவதால். 2022-ல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கியபோது ஒரு பக்கம் சுதந்திரம் போச்சு என்றது. மறுபக்கம், மாநில மக்களே முடிவு செய்யும் சுயாட்சி திரும்பியது என்றது. பிறகு கான்சஸ் போன்ற பழமைவாத மாநிலத்திலேயே வாக்காளர்கள் கருக்கலைப்பு உரிமையைக் காப்பாற்றினார்கள். எதிரி தப்பான கொள்கையை வைத்திருக்கிறான் என்றால் வாதாடலாம். நம் கொள்கையையே திருடி வைத்திருக்கிறான் என்று தோன்றினால் கோபம் இரட்டிப்பாகிறது.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே போவது?

வாஷிங்டனுக்கு வேண்டாம். மகனோ மகளோ அங்கே இருந்து நீங்கள் போகிறீர்கள் என்றால், அந்த ஊரின் பள்ளி வாரியக் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். பெரும்பாலான ஊர்களில் வாரிய உறுப்பினர்கள் மக்கள் ஓட்டில் வந்தவர்கள், கூட்டம் எல்லாருக்கும் திறந்தது. பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் ஒருவர் பின் ஒருவராக மைக்குக்கு வருவார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். பஸ் நேரம், நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம், சொத்துவரி என்று பேச்சு போகும். குரல் உயரும், சில சமயம் அசிங்கமாகவும் போகும். வாரிய உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் ஜூரி விசாரணையும் பார்க்கலாம், பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டு. பெரிய குற்ற வழக்கு என்றால் பெரும்பாலான மாநிலங்களில் தச்சர், நர்ஸ், கல்லூரி மாணவர் என்று 12 பேர் இருப்பார்கள். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், 2020-லிருந்து எல்லா மாநிலங்களிலும் அப்படித்தான். கிரீன் கார்டுக்காரரான உங்கள் மகனுக்கு ஜூரி அழைப்பு வந்துவிட்டால், குடிமகன் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பதிலே போடாமல் விடக்கூடாது.